கப்பலில் வந்த பிளவுகளும் கரையில் இருந்த பிளவும்: வடசென்னையிலிருந்து ஒரு கிறிஸ்தவ வரலாறு

பாரிமுனையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள அரண்மனைக்காரத் தெருவில் இரண்டு மாதா கோயில்கள் இருக்கின்றன. ஒன்று, ஆர்மீனிய வணிகர்கள் 1712-இல் முதலில் எழுப்பி 1772-இல் இன்றைய வடிவில் கட்டியது. மற்றொன்று, கப்புச்சின் துறவிகளின் பணியிலிருந்து வளர்ந்த கத்தோலிக்கரின் புனித மரியன்னை இணைப் பேராலயம். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோணியாரைத் தேடி மதம் பாராமல் கூட்டம் சேரும் இடம். தெருமுனைக்கு வந்து என்.எஸ்.சி. போஸ் சாலையில் நடந்தால் ஸ்காட்லாந்து மிஷனரிகள் வழிவந்த ஆண்டர்சன் ஆலயம். கோட்டைக்குள் 1680-இல் திறக்கப்பட்ட ஆங்கிலிக்கன் ஆலயம். வேப்பேரிப் பக்கம் போனால் லூத்தரன்கள். வடக்கே ராயபுரத்தில் படகோட்டிகள் கட்டிய இராயப்பர் (பேதுரு) ஆலயம். வியாசர்பாடி, கொடுங்கையூர் தெருக்களில் மாடி அறைகளில் இயங்கும் பெந்தெகொஸ்தே சபைகள்.

கிறிஸ்தவ வரலாற்றை ரோம், கான்ஸ்டாண்டிநோபிள், விட்டன்பர்க் என்ற வரிசையில் படித்தே நமக்குப் பழக்கம். வடசென்னையில் நின்று பார்த்தால் அதே வரலாறு வேறு கணக்காகத் தெரிகிறது. அந்த ஊர்களில் நடந்த சண்டைகள் ஒவ்வொன்றும் கப்பலேறி இங்கே வந்து இறங்கின. சண்டையில் எந்தப் பங்கும் இல்லாத மக்களை ஆளுக்கொரு கூரையின் கீழ் பிரித்து உட்கார வைத்தன. அவற்றில் பெரும்பாலானவை இன்று ஓய்ந்துவிட்டன. ஆனால் கப்பல்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே கரையில் ஒரு பிளவு இருந்தது. அது ஓயவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த மதத்தின் தமிழ்நாட்டு வரலாற்றை எழுத முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

தொடக்கம் ரோமப் பேரரசின் ஓர் ஓரத்தில். கலிலேயாவைச் சேர்ந்த இயேசு, பொந்தியு பிலாத்து யூதேயாவின் ஆளுநராக இருந்த கி.பி. 26–36 காலத்தில், ஏறக்குறைய 30-ஆம் ஆண்டை ஒட்டிச் சிலுவையில் அறையப்பட்டார். அவரைப் பின்பற்றியவர்கள் புதிய மதம் ஒன்றைத் தொடங்குவதாக நினைக்கவில்லை. யூதர்களாகவே எருசலேம் ஆலயத்துக்குப் போனார்கள். வீடுகளில் கூடி அப்பம் பிட்டார்கள். அவர்களுக்குள் எழுந்த முதல் பெரிய தகராறுகளில் ஒன்று பந்தியைப் பற்றியது. அந்தியோக்கியாவில் யூதரல்லாதவர்களும் சபையில் சேர்ந்தபோது, அவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாமா என்ற கேள்வி வந்தது. முதலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேராகக் கண்டித்தார். இதைப் பவுலே தம் கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொரு கடிதம், 55-ஆம் ஆண்டை ஒட்டி கொரிந்து சபைக்கு எழுதியது. கொரிந்து இரண்டு துறைமுகங்களை இருபுறமும் வைத்திருந்த ஊர். சபையில் அடிமைகளும் இருந்தார்கள், வசதி படைத்தவர்களும் இருந்தார்கள். திருவிருந்துக்குக் கூடும்போது இருப்பவர்கள் முந்திக்கொண்டு உண்டு குடித்து முடிக்க, இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள் என்று பவுல் அதில் கொதிக்கிறார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். சென்னையைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இதைச் சற்று நிறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. யார் யாரோடு உட்காருவது, யார் முதலில் பாத்திரத்தைத் தொடுவது என்ற கேள்வி, இயேசு இறந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குள்ளேயே எழுந்துவிட்டது. அதற்கான பதிலும் அப்போதே எழுத்தில் வந்துவிட்டது. பின்னாளில் தமிழ்ச் சபைகளில் தனி வரிசை வேண்டும் என்று கேட்டவர்களும் அதற்கு இணங்கியவர்களும் இந்தக் கடிதங்களை வாசித்துக்கொண்டேதான் அதைச் செய்தார்கள்.

அடுத்த மூன்று நூற்றாண்டுகளை வேகமாகக் கடக்கலாம். 64-இல் ரோம் நகரம் எரிந்தபோது நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் போட்டான். 303-இல் டயோக்ளீஷியன் மிகப் பெரிய அடக்குமுறையைத் தொடங்கினான். பத்தே ஆண்டில் காட்சி மாறியது: 313-இல் கான்ஸ்டன்டைன் வழிபாட்டு உரிமை கொடுத்தான், 325-இல் நைசியாவில் ஆயர்களைக் கூட்டினான், 380-இல் தியோடோசியஸ் கிறிஸ்தவத்தைப் பேரரசின் மதமாக்கினான். ஒளிந்து கூடிய சபைக்கு அரியணையின் தயவு கிடைத்தது. அதோடு, கோட்பாட்டில் மாறுபடுகிறவன் அரசின் குற்றவாளியாகவும் ஆனான்.

451-இல் கால்செடோன் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம், கிறிஸ்து ஒருவரே, அவருக்குத் தெய்வ இயல்பு, மனித இயல்பு என இரண்டு இயல்புகள் என்று வரையறுத்தது. எகிப்தின் காப்டிக் சபையும் சிரியாவில் ஒரு பகுதியும் இதை ஏற்கவில்லை. ஆர்மீனியர்கள் அந்தக் கூட்டத்துக்கே போகவில்லை. அதே ஆண்டில் அவர்கள் அவராயிர் போர்க்களத்தில் பாரசீகப் படையோடு மோதிக்கொண்டிருந்தார்கள். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரசனோடு சேர்ந்து கிறிஸ்தவத்தைத் தழுவிய நாடு அது. 506-இல் துவின் நகரில் கூடி, கால்செடோன் வழியைப் பின்பற்றுவதில்லை என்ற பாதையில் இறங்கினார்கள். ரோமோடும் கான்ஸ்டாண்டிநோபிளோடும் இருந்த உறவு முறிந்தது.

அந்த முறிவின் நினைவுச்சின்னம்தான் அரண்மனைக்காரத் தெருவில் நிற்கிறது. பாரசீகத்தின் ஷா அப்பாஸ் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்மீனியர்களைக் கூட்டம் கூட்டமாகப் பெயர்த்து இஸ்ஃபஹான் அருகே நியூ ஜுல்ஃபாவில் குடியேற்றினான். அங்கிருந்து பட்டும் ரத்தினமும் விற்கக் கிளம்பியவர்கள் சென்னைக்கும் வந்தார்கள். 1688-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், எந்த ஊரில் நாற்பதோ அதற்கு மேலோ ஆர்மீனியர்கள் குடியிருக்கிறார்களோ அங்கே அவர்களுக்கு ஆலயம் அமைத்துத் தருவதாக ஒரு விதியே இருந்தது. இன்று அந்த ஆலயத்துக்குள் நுழைந்தால் காலடியில் கல்லறைக் கற்கள், வேறெங்கும் காணாத எழுத்துகள். தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஒன்றுக்கொன்று அளவில் மாறுபட்ட ஆறு மணிகள். அவற்றில் இரண்டில் லண்டன் வார்ப்பகத்தின் முத்திரை. உலகின் முதல் ஆர்மீனிய இதழை 1794-இல் இந்த ஊரில் அச்சிட்ட பாதிரியார் ஷ்மாவோனியன் இங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். சபை இருக்கிறது, சபையார் இல்லை. பராமரிப்பு கல்கத்தா ஆர்மீனியர்களின் பொறுப்பில்.

இங்கே தோமையாரைச் சொல்லாமல் விட முடியாது. அப்போஸ்தலர் தோமா மயிலாப்பூருக்கு வந்து 72-இல் கொல்லப்பட்டார் என்பது இந்தக் கரையின் ஆழமான மரபு. மரபை வரலாறாக நிறுவுவதற்கு அக்காலத்துச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் ஆறாம் நூற்றாண்டில் தென்னிந்தியக் கரையில் கிறிஸ்தவர்கள் இருந்ததை கோஸ்மாஸ் என்ற கிரேக்கப் பயணி குறித்து வைத்திருக்கிறார்; பரங்கிமலையில் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்துப் பொறித்த பழைய சிலுவை இருக்கிறது. ஐரோப்பியக் கப்பல் வருவதற்கு முன்பே, பாரசீக வழியில் சிரியாக் மொழி பேசிய கிறிஸ்தவம் இங்கே வந்திருந்தது என்பதில் ஐயமில்லை.

பிறகு போர்த்துகீசியர். இவர்களோடு வந்த ஏற்பாடு பத்ரோவாதோ எனப்பட்டது: கீழைநாடுகளில் ஆலயம் கட்டுவதும் ஆயரை முன்மொழிவதும் போர்ச்சுகல் மன்னரின் உரிமை என்று போப்பாண்டவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 1606-இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் அந்த உரிமையின்படி உருவானது. போர்ச்சுகல் வலுவிழந்ததும் ரோம் 1622-இல் விசுவாசப் பரப்புதலுக்கென்று தனித் துறை அமைத்து, நேரடியாகத் துறவிகளை அனுப்பத் தொடங்கியது. ஒரே திருச்சபை, ஒரே பூசை, ஒரே இலத்தீன். ஆனால் இரண்டு அதிகாரங்கள்.

சென்னையில் இந்த மோதலுக்கு ஒரு முகம் உண்டு. பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி எஃப்ரேம் தெ நெவர் 1642-இல் பர்மாவின் பெகுவுக்குப் போகிற வழியில் இங்கே இறங்கினார். புதிதாகக் கோட்டை கட்டிக்கொண்டிருந்த ஆங்கிலேயர்கள் அவரை இங்கேயே தங்கச் சொன்னார்கள். கோட்டையைச் சுற்றிக் குடியேறியிருந்த கத்தோலிக்கர்களுக்கு ஒரு குருவானவர் தேவை. அவர் மயிலாப்பூர் போர்த்துகீசியரின் ஆளாக இருக்கக் கூடாது என்பது ஆங்கிலேயரின் கணக்கு. மயிலாப்பூர் சாந்தோமில் இருந்த போர்த்துகீசியர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1649-இல் அவரைப் பிடித்துக் கோவாவுக்கு அனுப்பி, திருச்சபையின் மத விசாரணை மன்றச் சிறையில் அடைத்தார்கள். கத்தோலிக்கத் துறவியைக் கத்தோலிக்கர்களே சிறையில் தள்ள, அவரை விடுவிக்கக் குரல் கொடுத்தவர்களில் புராட்டஸ்டன்ட் ஆங்கிலேயரும் கோல்கொண்டா முஸ்லிம் ஆட்சியாளர்களும் இருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் சென்னைக்கே திரும்பி வந்தார்.

அந்த இரட்டை அதிகாரம் அவரோடு முடியவில்லை. 1832-இல் ரோம் சென்னைக்குத் தனி அப்போஸ்தலிக்க ஆட்சிப் பகுதி அமைத்தது. 1838-இல் போப் பதினாறாம் கிரகோரி மயிலாப்பூரின் அதிகாரத்தைப் பறிக்கும் ஆணையைப் பிறப்பித்தார். பத்ரோவாதோ தரப்பு பணியவில்லை. 1886-இல் உடன்பாடு வந்த பிறகும் இரண்டு மறைமாவட்டங்கள் அருகருகே நீடித்தன. அவை சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமாக ஒன்றானது 1952-இல்தான். நூறாண்டுக்கு மேலாக, ஒரே ஊரில் வாழ்ந்த ஒரே பூசைக்காரர்கள், லிஸ்பனுக்கும் ரோமுக்கும் இடையே நடந்த வழக்கின் இரு தரப்பாக நடத்தப்பட்டார்கள்.

புராட்டஸ்டன்ட் கதை இதைவிடச் சிக்கலானது. 1517-இல் மார்ட்டின் லூத்தர் விட்டன்பர்க்கில் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்து எழுப்பிய குரல், ஐரோப்பாவை இரண்டாகப் பிளந்தது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1534-இல் சபையைத் தன் கைக்குள் கொண்டுவந்தான், அதுவே ஆங்கிலிக்கன் சபை; ஸ்காட்லாந்து 1560-இல் ஜான் நாக்ஸின் தலைமையில் ஆயர்களற்ற வழியை நோக்கித் திரும்பியது. சென்னைக்கு வந்த ஆங்கிலக் கம்பெனி கோட்டைக்குள் தன் ஊழியர்களுக்கு ஆலயம் கட்டிக்கொண்டதே தவிர, ஊர்மக்களுக்குப் போதிப்பதில் அக்கறை காட்டவில்லை. அந்த வேலையைச் செய்தவர்கள் ஜெர்மானிய லூத்தரன்கள். 1706-இல் சீகன்பால்குவும் புளூட்சாவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். டென்மார்க் மன்னர் அனுப்பியவர்கள். அவர்கள் வழிவந்த பெஞ்சமின் சுல்ட்ஸே 1720-களின் இறுதியில் சென்னையில் பணி தொடங்கியபோது, பணம் கொடுத்தது லண்டனின் ஆங்கிலிக்கன் சங்கம். ஜெர்மானிய லூத்தரன், டென்மார்க் மிஷன், ஆங்கிலிக்கன் சம்பளம், தமிழ் சபை! ஐரோப்பாவில் ஒன்றாக உட்காராதவர்கள் இங்கே ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்தார்கள்.

வேப்பேரியில் ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்த வரலாறு முழுவதும் அதில் அடங்கிவிடும். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் பாலம் கட்டிக் கொடுத்த ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான், வேப்பேரியில் மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் அமைத்தார். அங்கே கப்புச்சின் குருக்கள் பூசை வைத்தார்கள். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749-இல் உடன்படிக்கைப்படி நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பியது. திரும்பி வந்த ஆங்கிலேயர்கள், கத்தோலிக்கர்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்று சந்தேகப்பட்டு அவர்களின் ஆலயங்களைப் பறித்தார்கள். வேப்பேரிச் சிற்றாலயம் 1752-இல் லூத்தரன் போதகர் ஃபப்ரீசியஸின் கைக்கு வந்தது. உஸ்கானோ பிரெஞ்சுக்காரர்களிடம் சொத்தை இழந்தவர்; புதுச்சேரிக்கு வந்து குடியேறினால் திருப்பித் தருகிறோம் என்றபோது மறுத்தவர். அவர் கட்டிய ஆலயம்தான் பிரெஞ்சு ஆதரவாளர்களின் சொத்து என்ற பெயரில் கைமாறியது. மனம் பதறுகிற அநியாயம் இது.

அந்த அநியாயத்தின் மேல்தான் ஒரு பெரிய தமிழ்ப் பணி நடந்தது என்பதையும் மறைக்க முடியாது. 1761-இல் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்தபோது அங்கே கிடைத்த அச்சுப்பொறியை, அரசின் வேலைகளையும் அச்சிட்டுத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு ஃபப்ரீசியஸிடம் கொடுத்தார்கள். அதில் 1772-இல் அவருடைய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பும், 1779-இல் தமிழ்–ஆங்கில அகராதியும் வெளிவந்தன. அவர் தமிழாக்கிய ஞானப்பாட்டுகள் இன்றும் ஞாயிறு ஆராதனையில் ஒலிக்கின்றன. அவருடைய கடைசிக் காலம் கடனிலும் சிறையிலும் கழிந்தது, 1791-இல் இறந்தார். மிஷன் பின்னர் ஆங்கிலிக்கன் கைக்கு முழுமையாகப் போய், 1820-களில் இன்றைய புனித மத்தியா ஆலயம் எழுந்தது. உஸ்கானின் கல்லறை அந்த வளாகத்தில் இருக்கிறது. ஆர்மீனியர் கட்டி, கத்தோலிக்கர் ஜெபித்து, லூத்தரன் வாங்கி, ஆங்கிலிக்கன் இடித்துக் கட்டி, இன்று தென்னிந்தியத் திருச்சபையின் கீழ் இருக்கிற மண் அது.

இதுவரை சொன்னதில் தமிழர்கள் பின்னணியில்தான் நிற்கிறார்கள். ராயபுரத்துக்கு வந்தால் நிலைமை மாறும். 1870-களில் துறைமுகப் பணி தொடங்கும்வரை சென்னையில் கப்பல் கரையைத் தொட முடியாது. தொலைவில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து சரக்கையும் ஆட்களையும் இறக்கிக் கொண்டுவர மசூலா படகுதான் ஒரே வழி. ஆணி அடித்த படகு இந்தக் கரையின் அலையில் மோதிப் பிளந்துவிடும். அதனால் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் சேர்ப்பார்கள். அலை அடிக்கும்போது படகு வளைந்து கொடுக்கும். சென்னையில் இறங்கிய ஐரோப்பியர்களின் கடிதங்களில் அந்த அலைகளைக் கடந்த திகில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆளுநர், ஆயர், மிஷனரி, யாராக இருந்தாலும் இந்தப் படகோட்டிகளின் கையைப் பிடித்துத்தான் மண்ணில் கால் வைத்தார்கள்.

மிஷனரிகளைக் கரை சேர்த்த அந்தப் படகோட்டிகளில் ஒரு பெரும் பகுதியினர் ஏற்கெனவே கத்தோலிக்கர்கள். தங்களைக் குருகுல வம்சத்தார் என்று சொல்லிக்கொண்ட அவர்கள், படகுக் கூலியிலிருந்து சேர்த்த பொது நிதியைக் கொண்டு 1820-களில் ராயபுரத்தில் இராயப்பருக்கு ஆலயம் கட்டினார்கள். இராயப்பர் மீனவர், வலையை விட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போனவர். எந்த மன்னரும் மானியம் தரவில்லை, எந்த மிஷன் சங்கமும் பணம் அனுப்பவில்லை. ஆலயம் எங்கள் உழைப்பு என்ற உரிமைக் குரல் அங்கே தலைமுறை தலைமுறையாக எழுந்து நீதிமன்றம்வரை போயிருக்கிறது. கிறிஸ்தவம் இந்த ஊரில் வேரூன்றியதற்குக் கோட்டை ஆலயத்தைக் காட்டுவது வழக்கம். நான் ராயபுரத்தைத்தான் காட்டுவேன்.

இனி கரையிலேயே இருந்த பிளவு.

1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வேறுபாடு உடனடியாக, முடிவாகக் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தனித்தனியாக உட்காருவதும், நற்கருணைக்கு ஒரு சாதி முன்னும் ஒரு சாதி பின்னும் போவதும் அதுவரை நடந்துகொண்டிருந்தன. பழைய லூத்தரன் போதகர்கள், காலப்போக்கில் சரியாகிவிடும் என்று பொறுத்துப் போயிருந்தார்கள். சுற்றறிக்கை வேப்பேரியிலும் தஞ்சையிலும் வாசிக்கப்பட்டபோது பெருங்கூட்டம் சபையை விட்டு வெளியேறியது. வெளியேறியவர்களில் பலர், சாதி விஷயத்தில் மென்மையாக நடந்துகொண்ட, ஜெர்மனியின் லைப்சிக் லூத்தரன் மிஷனில் சேர்ந்தார்கள். இயேசுவை விட்டு அவர்கள் போகவில்லை. ஒரே வரிசையில் உட்காராமல் இருப்பதற்கு எந்தச் சபை இடம் கொடுக்கும் என்று தேடிப் போனார்கள். விட்டன்பர்க்கில் மனச்சாட்சியின் பெயரால் எழுந்த பிளவு, இங்கே சாதி மனம் தப்பிச் செல்லும் வாசலாகவும் ஆகிப்போனது. இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது.

நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837-இல் அரண்மனைக்காரத் தெருவில் பள்ளி நடத்தத் தொடங்கினார். பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்து, 1937-இல் தாம்பரத்துக்குப் போன நிறுவனத்தின் வேர் அது. மறு ஆண்டே அங்கே ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த மாணவர்கள் சேர்க்கப்பட்டதும், மற்ற பெற்றோர்கள் அவர்களை நீக்கு, இல்லாவிட்டால் தனி பெஞ்சில் உட்கார வை என்றார்கள். ஆண்டர்சன் இரண்டையும் மறுத்தார். பள்ளி பாதி காலியாகும் என்று தெரிந்தே மறுத்தார். அதே ஸ்காட்லாந்து மரபில் வந்த பெண் மருத்துவர் மெட்டில்டா மக்பெய்ல் 1888-இல் தொடங்கிய பணிதான் இன்று ராயபுரத்தில் ரெய்னி மருத்துவமனையாக நிற்கிறது.

கத்தோலிக்கப் பக்கத்தில் வடக்கன்குளம் நினைவுக்கு வரும். திருநெல்வேலிச் சீமையின் அந்த ஊரில், இரண்டு சாதிகள் ஒன்றையொன்று பார்க்காமல் பூசை காண்பதற்காக, பீடத்தில் சந்திக்கும் இரண்டு கைகளாக ஆலயமே கட்டப்பட்டது, நடுவில் சுவர். 1910 வாக்கில் பங்குக்குரு சுவரை இடித்ததும் வழக்கு தொடுத்தார்கள். அது மேல்முறையீட்டில் பாரிமுனைச் செங்கல் கட்டடத்துக்கு, சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஆலயத்துக்குள் தனி இடம் கேட்கும் சாதி உரிமை கிடையாது என்று தீர்ப்பானது. சங்கங்களும் போப்பாண்டவர்களும் நடத்திய மதத்தில், பந்தி பற்றிய பவுலின் கேள்விக்கு ஒரு காலனிய நீதிமன்றம் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கப்பலில் வந்த பிளவுகளைச் சரிசெய்யும் முயற்சி இந்தியர்களிடமிருந்தே தொடங்கியது. 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள், பெரும்பாலும் இந்தியர்கள், ஓர் அறிக்கை வெளியிட்டார்கள்: இந்தப் பிரிவினைகள் நாங்கள் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து எங்கள் மேல் சுமத்தப்பட்டவை என்பது அதன் சாரம். முன்னின்றவர், திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் ஆயரான வி.எஸ். அசரியா. இருபத்தெட்டு ஆண்டுகள் பேசித் தீர்த்து, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆயர்கள் உள்ள ஆங்கிலிக்கன்களும், ஆயர்கள் இல்லாத மெத்தடிஸ்ட், பிரஸ்பிடீரியன், காங்கிரிகேஷனல் சபைகளும் ஒன்றானது உலகில் அதுவே முதல் முறை. அசரியா இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். பிராட்வே, வேப்பேரி, எஸ்பிளனேடு சபைகள் ஒரே நாளில் ஒரே திருச்சபையாயின. நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களே ஆகியிருந்தன.

மற்ற இடங்களிலும் இறுக்கம் தளர்ந்தது. 1962–65 இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பூசை இலத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. பெரம்பூர் லூர்து மாதா ஆலயத்தை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். பிரான்சின் லூர்து பேராலயத்தின் சாயலில் கட்டப்பட்ட அதன் பங்கில் ரயில்வே பணிமனையின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன. இன்று பிப்ரவரித் திருவிழாவில் தேரிழுப்பவர்கள் தமிழிலேயே ஜெபமாலை சொல்கிறார்கள். 1965-இல் ரோமும் கான்ஸ்டாண்டிநோபிளும், 1054-இல் பிரிந்தபோது ஒன்றின் மேல் ஒன்று இட்ட சாபங்களை நீக்கிக்கொண்டன. 1996-இல் இரண்டாம் யோவான் பவுலும் ஆர்மீனியத் திருச்சபைத் தலைவரும் கிறிஸ்துவின் இயல்பு குறித்துக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 451-இல் தொடங்கிய சண்டை அது. 1999-இல் லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும் மீட்புக் கோட்பாட்டில் உடன்பாடு கண்டார்கள். அரண்மனைக்காரத் தெருவின் இரண்டு மாதா கோயில்களுக்கும் இடையே காகிதத்தில் இன்று பெரிய பகை இல்லை.

இதற்கிடையில் இன்னொரு பெரிய அலை. 1906-இல் லாஸ் ஏஞ்சலஸின் அசூசா தெருவில், அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்த கறுப்பினப் போதகர் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலிருந்து பெந்தெகொஸ்தே இயக்கம் உலகெங்கும் பரவியது. தமிழர்களுக்கு இது முழுக்கப் புதியதல்ல. 1860-இலேயே திருநெல்வேலியில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் தலைமையில் அந்நிய பாஷையும் (ஆவியின் ஏவலால் அறியாத மொழியில் பேசுவது) தீர்க்கதரிசனமுமாக ஓர் எழுப்புதல் நடந்திருக்கிறது. வடசென்னையின் உழைக்கும் தெருக்களில் இந்தச் சபைகள் பெருகியதற்குக் காரணம் எளிது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒரு வீட்டுவேலைப் பெண் எழுந்து சாட்சி சொல்லலாம். கணவனின் குடிக்காக ஊரே சேர்ந்து அழுது ஜெபிக்கும். பாஸ்டர் அதே தெருவில் குடியிருப்பவர். பழைய சபைகளில் கமிட்டித் தேர்தலில் நிற்க ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியவருக்கு, இங்கே முதல் ஞாயிறே பெயர் சொல்லி வரவேற்பு. அவசர ஆசீர்வாத வாக்குறுதிகளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பழைய சபைகள் கொடுக்கத் தவறிய மரியாதையைத்தான் இந்த மாடி அறைகள் கொடுத்தன.

சாதிக்கு வருவோம். நற்கருணைப் பாத்திரம் இன்று பொதுவாகிவிட்டது. மணமக்கள் தேவை விளம்பரத்தில் கிறிஸ்தவ என்ற சொல்லுக்குப் பின்னால் சாதிப் பெயர் வராமல் இருப்பது இன்னும் அரிது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் தனித்தனி. இந்தியாவின் முதல் தலித் கர்தினாலாக ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா உயர்த்தப்பட்டது 2022-இல்தான். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் தலித் மக்கள் எவ்வளவு பெரிய பகுதி என்பதை அறிந்தவர்களுக்கு அந்தத் தாமதத்தின் கனம் தெரியும்.

சட்டமும் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பது விலக்குக்குச் சொல்லப்படும் வாதம். அப்படியானால் சபையில் அவர்கள் அனுபவிப்பது என்ன என்று கேட்டு, 2004-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு தொடரப்பட்டது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதி உரிமையை மதத்திலிருந்து பிரிக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2022-இல் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையம் அமைத்தது. அதன் காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், கிறிஸ்தவரான ஆதிதிராவிடர்களுக்கும் அந்த உரிமையை வழங்குமாறு ஒன்றிய அரசை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. ஆயர்கள் அந்தத் தீர்மானத்தை வரவேற்றார்கள். கோட்டையைப் பார்த்து நியாயம் கேட்கும் அதே மக்கள், தங்கள் பங்கின் கணக்கையும் கல்லறைத் தோட்டத்தின் சாவியையும் யார் வைத்திருக்கிறார்கள் என்று ஆயர் இல்லத்தின் வாசலிலும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.